மடக்குகிற நேரத்துப் பேச்சு

ராகேஷுக்குத் தன்னைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு பொன்மணி ஆடி மாதத்திலிருந்து அல்லாடிக்கொண்டிருந்தாள். இப்போது ஐப்பசி மழையே பிடித்துக்கொண்டுவிட்டது. கேள்வி மட்டும் நனையாமல் கரையாமல் அப்படியே இருந்தது.

ராகேஷ் ஏற்கெனவே ஒருத்திக்கு என்று ஆனவன். ஷ்ரேயாவோடு நிச்சயம் முடிந்து, தை மாதத்துக்கு மண்டபமும் பிடித்தாயிற்று. இது பொன்மணிக்குத் தெரியாத விஷயமல்ல. நிச்சயதார்த்தத்துக்குப் போய், பந்தியில் பாதாம் அல்வாவை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தவள்தான் அவள். அன்றைக்கு அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த வியாதி.

ஆழ்வார்பேட்டையில் டாக்டர் சங்கரன் நடத்தும் பிசியோதெரபி கிளினிக்கில் இருவருக்கும் வேலை. மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், தோள் இறுகிப்போனவர்கள், கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்துக் கழுத்தைத் தொலைத்தவர்கள் என்று காலையிலிருந்து கூட்டம் வரும். பொன்மணி அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் லிஃப்ட் இயக்குகிறார். அம்மா பள்ளிக்கூடத்து ஆயா. நாலரை வருஷம் முட்டி மோதிப் படித்து, எலும்பு எலும்பாக, தசை தசையாக மனப்பாடம் செய்து பட்டம் வாங்கி வந்தால், பட்டினப்பாக்கம் குடியிருப்பில் அதற்கு வைத்த பெயர் ‘மசாஜ் படிப்பு’. அப்படிச் சொன்ன ஒவ்வொருவரோடும் அவள் சண்டை போட்டிருக்கிறாள். மாடிப்படியிலும் போட்டிருக்கிறாள், தண்ணீர் லாரி வரிசையிலும் போட்டிருக்கிறாள். கோபம் அவளுக்கு மூக்கு நுனியில் இருக்கிறது என்று சொல்பவர்கள் இடத்தைக் குறைத்துச் சொல்கிறார்கள். முகம் பூராவும் அதுதான்.

ராகேஷ் அவளுக்கு நேர் எதிர். வாயைத் திறந்தால் தேன். வரவேற்பில் இருக்கிற பெண்ணிடம், கூரியர் கொண்டுவருகிற பெண்ணிடம், எதிர்க்கடை ஜூஸ்காரர் மனைவியிடம், எல்லோரிடமும் ஒரு குழைவு. “அவன் வாய் அப்படி” என்று பொன்மணியே பலரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஆனால் தன்னிடம் அவன் பேசுவது வேறு ரகம் என்று அவளுக்குள் ஒரு வக்கீல் உட்கார்ந்து வாதாட ஆரம்பித்திருந்தான். அவள் டப்பாவிலிருந்து நெத்திலி வறுவலைக் கேட்காமலே எடுத்துத் தின்கிறானே, வேறு யார் டப்பாவிலாவது கை வைக்கிறானா? அவளுக்கு மட்டும் ‘தீப்பெட்டி’ என்று பெயர் வைத்திருக்கிறானே? மழை பெய்தால் “வீட்டுக்குப் போயிட்டியா” என்று மெசேஜ் அனுப்புகிறானே?

எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ஆடி மாதத்துச் சாயங்காலம். கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வழக்கமான இளிப்பு இல்லாமல், “உன்னை நான் முன்னாடியே பாத்திருக்கணும் பொன்மணி” என்றான். சொல்லிவிட்டுத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவள் எத்தனை ராத்திரி புரண்டிருப்பாள். முன்னாடியே என்றால், ஷ்ரேயாவுக்கு முன்னாடி என்றுதானே? வேறு எதற்கு முன்னாடி?

யாரிடமும் கேட்க முடியாது. அடுத்தவள் ஆளைப் பார்க்கிறவளை என்னவென்று சொல்வது என்பதற்கு அவளே தன் வாயால் பல பெயர்கள் வைத்திருந்தாள். அந்தப் பெயர்களெல்லாம் இப்போது வரிசை கட்டி நின்று அவளையே பார்த்தன.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. நடுவில் வேளச்சேரி வந்து சேர்ந்தது. டாக்டர் அங்கே இரண்டாவது கிளினிக் திறக்கிறார். அதற்குப் பொறுப்பாக இருக்கப் பொன்மணியைக் கூப்பிட்டார். தனி அறை, கீழே இரண்டு பேர், அவள் வைத்ததுதான் சட்டம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும், இல்லையென்றால் வெளி ஆளை எடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். அவள் வயதில், அவள் இடத்திலிருந்து வந்த ஒருத்திக்கு இப்படி ஒரு வாய்ப்பு தினம் வராது. வேறு எந்தச் சமயமாக இருந்தாலும் அவர் வாயை மூடுவதற்குள் சரி என்று சொல்லியிருப்பாள்.

ஆனால் ராகேஷிடம் சொன்னபோது அவன் முகம் தொங்கிப்போயிற்று. “நீ போயிட்டா இங்க எனக்குன்னு யாரு இருக்கா?” என்றான். அவ்வளவுதான். பதில் சொல்லாமலே ஒரு வாரத்தை ஓட்டிவிட்டாள். தன்னுடைய உத்தியோகத்தை ஒருத்தன் முகத்தில் தொங்கவிட்டிருக்கிறோம் என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது. எரிச்சல் பட்டும் பதில் சொல்ல வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் விடிந்துவிட்டது.

அன்றைக்குக் காலையில் சூடாமணி மாமி வந்தாள். கச்சேரி ரோட்டுக்காரி, எழுபதைத் தாண்டியவள், வலது முழங்கால் மூட்டை மாற்றியிருந்தார்கள். புது மூட்டை ஆரம்பத்திலேயே மடக்கி மடக்கிப் பழக்காவிட்டால் உள்ளே தழும்பு இறுகி, கால் கட்டைபோல நின்றுவிடும். முதலில் அவளைப் பொன்மணிதான் பார்த்தாள். “வலிக்கும் மாமி, பல்லைக் கடிச்சுக்கோங்க” என்று உண்மையைச் சொல்லிவிட்டு மடக்கினாள். மாமி போட்ட கூச்சலில் அடுத்த அறையில் கழுத்தைக் கட்டி இழுக்கிற ட்ராக்‌ஷனில் இருந்தவர் எழுந்து வந்துவிட்டார். “இந்தப் பொண்ணு ரொம்ப முரடு” என்று டாக்டரிடம் புகார் போனது. அன்றிலிருந்து மாமி ராகேஷ் கைக்கு மாறினாள். நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தவள், சுங்குடிப் புடவையும் தலையில் ஒரு முழம் கதம்பமுமாக வர ஆரம்பித்ததும் அன்றிலிருந்துதான்.

வெள்ளிக்கிழமை உதவியாளர் வரவில்லை. அதனால் மாமியின் தொடையை அழுத்திப் பிடித்துக்கொள்ளப் பொன்மணியையே ராகேஷ் கூப்பிட்டான். மாமி கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். ராகேஷ் கீழே முக்காலியில் உட்கார்ந்து அவள் கணுக்காலைப் பிடித்திருந்தான்.

இதில் ஒரு தொழில் சூட்சுமம் உண்டு. நோயாளி பயந்தால் தொடைத் தசை கல்லாகிவிடும், மடக்க விடாது. சிரித்தால் ஒரு கணம் தன்னை மறந்து தளரும். அந்த ஒரு கணத்தில் மடக்கிவிட வேண்டும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே செய் என்று கல்லூரியில் எல்லோருக்கும்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். பொன்மணிக்கு அது வரவே வராது. வராவிட்டாலும், பயிற்சிக்கு வருகிற மாணவிகளை ராகேஷ் பக்கத்தில் நிறுத்தி, “அவன் வாயைப் பாக்காத, கையைப் பாரு. எந்த வார்த்தைல மடக்குறான்னு பாரு” என்று அவள்தான் விளக்குவாள்.

ராகேஷ் மாமியை அண்ணாந்து பார்த்தான். இளிப்பு இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“மாமி, உங்களை நான் முன்னாடியே பாத்திருக்கணும்.”

மாமி “போடா படவா” என்று வெட்கத்தோடு சிரித்தாள். பொன்மணியின் உள்ளங்கைக்குக் கீழே அந்தத் தசை வெண்ணெயாக இளகியது. அதே நொடியில் ராகேஷ் கை மடக்கிவிட்டது. மாமி “அம்மாடி” என்றாள். கண்ணில் நீர் வந்தாலும் சிரிப்பு இன்னும் உதட்டில் இருந்தது.

“தொண்ணூறு டிகிரியைத் தாண்டியாச்சு மாமி, ஜோர்” என்று எழுந்து போனான் ராகேஷ்.

பொன்மணி தொடையிலிருந்து கையை எடுக்க மறந்து நின்றாள். ஐஸ் பை வைக்கும்போது மாமி அவள் காதருகே குனிந்து ரகசியமாகச் சொன்னாள். “அந்தப் பிள்ளாண்டான் இருக்கானோன்னோ, அவனுக்கு என்கிட்ட ஒரு தனி ஒட்டுதல்டீ. மத்தவாகிட்டல்லாம் இப்படிப் பேசறதில்லை, நான் பாத்துண்டுதானே இருக்கேன்.”

பொன்மணிக்குச் சிரிப்பும் வந்தது, பகீர் என்றும் இருந்தது. அவளுக்குள் இருந்த வக்கீல் இத்தனை நாள் வாதாடியதும் இதே வாக்கியத்தைத்தான், வார்த்தை மாறாமல்.

ஐஸ் பையைப் பிடித்தபடியே அவள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். அந்த ஆடி மாதத்துச் சாயங்காலம் எதற்காகக் கொதித்துக்கொண்டிருந்தாள்? பெசன்ட் நகருக்கு வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டிய நோயாளி, முறைப்படி ராகேஷ் போக வேண்டும், அவன் தன்மேல் தள்ளுகிறான் என்று. அவன் கை கழுவிக்கொண்டே அந்த வரியைச் சொன்னான். அப்புறம்? அப்புறம் அவள் பெசன்ட் நகர் போனாள். மழையில் நனைந்துகொண்டு, சந்தோஷமாக. ‘தீப்பெட்டி’ என்று பெயர் வைத்த நாளில் அவனுடைய சனிக்கிழமை டியூட்டியை வாங்கிக்கொண்டாள். “வீட்டுக்குப் போயிட்டியா” என்று அவன் கேட்ட நாளெல்லாம் அவள் தாமதமாக வீட்டுக்குப் போன நாள்தான். தாமதமானதே அவன் வேலையைப் பார்த்ததால். வரியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு, வரிக்குப் பின்னால் நடந்ததை மறந்திருக்கிறாள். கையைப் பார் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் தன் விஷயத்தில் வாயையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

கோபம் காலிலிருந்து ஏறியது. ஆனாலும் அவள் நியாயக்காரி. சந்தேகத்தின் பேரில் ஒருத்தனைத் திட்டுவது அவளுக்கு ஆகாது. நேராகக் கேட்டுவிட்டுத் திட்டலாம் என்று முடிவு செய்தாள். ஆடி மாதமே இதைச் செய்திருக்கலாம். யாரிடமும் எதையும் நேராகக் கேட்கிறவளுக்கு இதைக் கேட்க மட்டும் மூன்று மாதம் நாக்கு எழவில்லை.

ஒத்தடப் பைகள் ஊறுகிற வெந்நீர்த் தொட்டி இருக்கும் சின்ன அறையில் ராகேஷ் இடுக்கியால் ஒரு பையைத் தூக்கிக்கொண்டிருந்தான். பொன்மணி உள்ளே போய்க் கதவில் சாய்ந்துகொண்டாள்.

“ராகேஷ், ஒண்ணு கேக்கறேன். விளையாடாம பதில் சொல்லு. உனக்கு என்னைப் பிடிச்சிருக்கா?”

“தீப்பெட்டியை யாருக்குத்தான் பிடிக்காது?”

“அது மாமிக்குச் சொல்ற பதில். எனக்குச் சொல்லு. லவ்வான்னு கேக்கறேன்.”

இடுக்கி அந்தரத்தில் நின்றது. பையிலிருந்து வெந்நீர் அவன் ஷூவின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது, அது அவனுக்கு உறைக்கவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்தான், அவளுக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தான்.

“ஐயோ, இல்ல பொன்மணி. சத்தியமா அப்படியெல்லாம் இல்ல. ஷ்ரேயா இருக்கா. நீ... அப்படி நினைச்சிட்டியா?”

“நான் என்ன நினைச்சேன்னு அப்புறம் பாக்கலாம். முன்னாடியே பாத்திருக்கணும்னு எதுக்குச் சொன்ன?”

“எப்ப சொன்னேன்?”

அவன் நடிக்கவில்லை. உண்மையிலேயே நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்து, வராமல் விழித்தான். அது ஒரு நொடி அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் மூன்று மாதம் தூங்காமல் காவல் காத்த வரி, சொன்னவனுக்கே நினைவில்லை.

பிறகு அவன் மென்று விழுங்கிச் சொன்னான். அவள் கோபமாக இருந்தால் அவனுக்குப் பயமாம். என்னவாவது நல்லதாகச் சொன்னால் அவள் இறங்கிவிடுவாளாம். அதனால் வாயில் வந்ததைச் சொல்லிவிடுவானாம், வேறு ஒன்றும் மனதில் வைத்து இல்லையாம். வேளச்சேரி விஷயமும் அப்படித்தானா என்று கேட்டாள். அவன் தரையைப் பார்த்தான். அவள் போய்விட்டால் கல்யாணம் நெருங்குகிற நேரத்தில் எல்லா வீட்டு விசிட்டும் தன் தலையில் விழுமே என்று பயந்ததாக ஒப்புக்கொண்டான்.

“நான் உன் விசிட்டுக்கெல்லாம் போனேனே, அந்த நேரத்துல நீ எங்க இருந்த?”

“ஷ்ரேயாவோட. பாண்டி பஜார்ல. புடவை பாக்க, நகை பாக்க...”

பொன்மணி சிரித்துவிட்டாள். அழுவோம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அழுகை வந்தால் எந்தப் பக்கம் திரும்பிக்கொள்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். வந்தது சிரிப்பு. பக்கத்துக் கட்டடத்தில் காலையிலிருந்து மார்பிள் அறுக்கிற மிஷின் ஓடி, அது ஓடுகிறது என்பதே மறந்துபோன நேரத்தில் சட்டென்று நின்றால் காதுக்கு ஒரு சுகம் வருமே, அப்படி இருந்தது.

அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது, அவள் பயந்துகொண்டிருந்தது ‘இல்லை’ என்ற பதிலுக்கு அல்ல. ‘ஆமாம்’ என்று சொல்லியிருந்தால்? நிச்சயதார்த்தத்தில் அவள் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் போட்டோவுக்கு நிற்க வைத்த அந்த ஷ்ரேயா முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? பிடித்த மண்டபத்தை ரத்து செய்ய வைத்தவள் என்ற பட்டத்தோடு இன்னொரு நாலரை வருஷம் ஊர் வாயோடு மல்லுக்கு நிற்பதா? சரி, நின்றாலும், மண்டபம் வரைக்கும் ஒருத்தியைக் கூட்டிவந்து விட்டுவிட்டு வருகிறவனைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவன் கூரியர் பெண்ணிடம் குழையும்போதெல்லாம் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆயுசுக்கும் இதே கேள்வி. ‘இல்லை’ என்ற ஒரு சொல்லில் அந்த மொத்தப் பாரமும் இறங்கிப்போய்விட்டது.

திட்டாமல் விடவில்லை. தன்னைத்தான் முதலில் திட்டிக்கொண்டாள், மனதுக்குள், பட்டினப்பாக்கம் பாஷையில். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

“கேட்டுக்கோ. உனக்கு என்கிட்ட வேலை ஆகணும்னா வேலைன்னே கேளு. முடிஞ்சா செய்வேன், முடியலைன்னா முடியாதும்பேன். நடுவுல இந்தச் சர்க்கரை தடவுற வேலை வேணாம். எனக்கு மட்டும் இல்ல, வேற எந்தப் பொண்ணுகிட்டயும் வேணாம். கால் மடக்க வேணும்னா பேசு. அங்க அது வைத்தியம்.”

“சரி பொன்மணி.”

“ஷூ நனையுது, பாரு.”

அவன் பையைத் தொட்டிக்குள் போட்டான். தயங்கி, அன்றைக்குச் சாயங்காலம் அடையாறில் ஒரு விசிட் இருப்பதாகவும், அது தன் முறைதான் என்றும், தானே போய்க்கொள்வதாகவும் சொன்னான். இதற்கு அவளிடம் பாராட்டு எதிர்பார்க்கிறான்போல் இருந்தது. அவள் பாராட்டவில்லை. குடையை மறக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

டாக்டர் சங்கரன் இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வேளச்சேரிக்குப் போகிறேன் என்றாள். ஒரு வாரமாகப் பதிலே இல்லையே, வெளியில் ஒருவரிடம் பேசி வைத்துவிட்டேனே என்று அவர் இழுத்தார். பொன்மணி விடவில்லை. தாமதம் தன் தப்புதான், அதற்கு மன்னிப்பு கேட்கிறேன், ஆனால் பேசி வைத்த ஆளைவிடத் தான் அந்த வேலையை நன்றாகச் செய்வேன், அவருக்கும் அது தெரியும் என்றாள். டாக்டர் சட்னியைத் தொட்டபடி அவளை ஏற இறங்கப் பார்த்தார். இப்படித் தன்னைத் தானே சிபாரிசு செய்துகொள்கிற ஆளை இப்போதுதான் பார்ப்பதாகச் சொல்லிச் சிரித்தார். பிறகு, அங்கே கொத்து வேலை நடந்துகொண்டிருக்கிறது, மத்தியானம் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வா, ஏதாவது மாற்ற வேண்டியிருந்தால் இப்போதே மாற்றிக்கொள்ளலாம் என்றார். பேசி வைத்த ஆளிடம் தானே சொல்லிக்கொள்வாராம்.

திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினாள். பெட்டியில் கூட்டம் இல்லை. வெளியே தூறிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்ததுதான் தெரியும், தூங்கிப்போனாள். மூன்று மாதத்தில் தூங்காத தூக்கமெல்லாம் சேர்ந்து வந்ததுபோல் வாயைப் பிளந்துகொண்டு ஒரு தூக்கம். வேளச்சேரியே கடைசி நிலையம் என்பதால் பிழைத்தாள். யாரோ ஓர் அம்மாள் தோளைத் தட்டி எழுப்பிவிட்டாள்.

புதுக் கிளினிக் தரைத் தளத்துக்கு மேல் முதல் மாடியில் இருந்தது. வெள்ளம் வரும் ஊரில் டாக்டர் அதுவரைக்கும் யோசித்திருக்கிறார். லிஃப்ட் இருந்தது. உள்ளே ஈரச் சிமெண்ட் வாடை. வைரவன் மேஸ்திரி சிகிச்சை அறைக்குக் கதவு நிலை வைத்து முடித்துவிட்டு, வேலை அழகைத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பொன்மணி கைகளை விரித்து நிலைக்குள் நின்று பார்த்தாள். இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள்.

“மேஸ்திரி, இதுல சக்கர நாற்காலி எப்படி உள்ள வரும்?”

“இன்னாம்மா, எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து சொல்ற? தள்ளிக்கினு வந்தா வந்துடும்.”

“சக்கரம் வரும், தள்ளுறவரு விரல் வராது. நசுங்கிடும். கழட்டுங்க.”

“டாக்டர் குடுத்த அளவும்மா இது.”

“டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன். இங்க நான்தான் இன்சார்ஜ். நிலையைக் கழட்டிட்டு ரெண்டு பக்கமும் ஒரு ஜாண் இடிங்க.”

மேஸ்திரி அவளை முறைத்தார். அவளும் முறைத்தாள். இங்கே முழங்கால் வலிக்காரர்கள் தாமாக நடக்க முடியாமல் வருவார்கள் என்பதை அவருக்கு அவள் சொன்ன விதத்தில் மரியாதை இருந்ததே தவிர இனிப்பு எதுவும் இல்லை. அவர் கடைசியில் தன் ஆளைக் கூப்பிட்டு, “டேய், கடப்பாறைய எட்றா” என்றார். அவள் காதில் விழட்டும் என்றே, புள்ள பேஜார் புடிச்சதா கீது என்றும் சேர்த்துக்கொண்டார்.

பொன்மணி ஓர் ஓரமாகச் சிமெண்ட் மூட்டைமேல் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தாள். சுவர் இடிகிற சத்தத்துக்கு நடுவே வயிறு பசித்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கீழே கடையில் பஜ்ஜி போடுகிற வாசனை மாடி ஏறி வந்தது. மேஸ்திரிக்கும் அவர் ஆளுக்கும் சேர்த்தே வாங்கி வருவோம் என்று எழுந்து, வழியில் கழற்றிப் போட்டிருந்த நிலையை ஒரு காலால் தள்ளி ஒதுக்கிவிட்டு, படி இறங்கினாள்.